அது மூன்றாம் வருடத்தில் வரும்

முதலாண்டு மாணவர்களுக்கு ஒப்பந்தச் சட்டம் கற்பித்தவன் என்று என் பணிப்பதிவேடு சொல்லும். நான் செய்தது டிக்டேஷன். மாணவனாக இருந்தபோது என் ஆசிரியர் சொல்லச் சொல்ல நான் எழுதிய நோட்டையே கையில் வைத்துக்கொண்டு மெல்லச் சொல்வேன். எதிரே அறுபது பேர் குனிந்து எழுதுவார்கள். "கமா." "அடுத்த பாரா." "இதுக்கு அடியில கோடு போட்டுக்கங்க, போன வருஷம் கேட்டது." ஒரு மணி நேரத்தில் நான்கு பக்கம் ஓடிவிடும். மணி அடித்தால் கரும்பலகையைத் துடைக்கும் வேலைகூட இருக்காது. அதில் நான் எதுவும் எழுதியிருக்க மாட்டேன்.

வேலை பார்க்கும் கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். தப்பு அதனுடையதல்ல. இப்படித்தான் நடத்து என்று அங்கே யாரும் என்னிடம் சொல்லவில்லை. எப்படி நடத்துகிறாய் என்று யாரும் கேட்கவும் இல்லை. என் ஊரின் பெயரை மட்டும் சொல்லியாக வேண்டும்: தேவாரம். ஏனென்றால் இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் நடக்கும் எதையும் வகுப்புக்குள் விடாமல் பார்த்துக்கொண்டேன். என் குற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

வகுப்புக்குள் யாரையெல்லாம் விட்டேன்? இன்ஃப்ளூயன்சா வராமல் தடுக்கும் என்று சொல்லி லண்டனில் புகைக்குண்டு விற்ற கம்பெனியை விட்டேன். விளம்பரத்தை நம்பி அதை வாங்கி முகர்ந்து, காய்ச்சலையும் வாங்கிக்கொண்ட திருமதி கார்லிலை விட்டேன். அவருக்கு நூறு பவுண்டு கொடுக்கச் சொன்ன தீர்ப்பு 1893ஆம் ஆண்டுத் தொகுதியில் இருக்கிறது. பொல்லாங்கியல் (டார்ட்ஸ்) தாளும் சில ஆண்டு என்னிடம் இருந்ததால், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் ஜிஞ்சர் பீர் புட்டிக்குள் செத்துக் கிடந்த நத்தையும் வந்தது, அது 1932. பிறகு பால்ஃபர் தம்பதி, 1919. கணவர் இலங்கையில் நீர்ப்பாசன அதிகாரி. உடம்பு சரியில்லாத மனைவியை இங்கிலாந்தில் விட்டுவிட்டு மாதம் முப்பது பவுண்டு அனுப்புவதாகச் சொல்லிப் போகிறார். அனுப்பவில்லை. கணவன் மனைவிக்குள் இப்படிப் பேசிக்கொள்வது சட்டம் அமலாக்கும் ஒப்பந்தமாகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

புருஷன் கேரளத்து மலைத்தோட்டத்திலேயே தங்கி வேலை பார்ப்பதும், மாசாமாசம் வீட்டுக்குப் பணம் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவன் பாதியில் நிறுத்திக்கொள்வதும் எங்கள் பக்கத்தில் திண்ணைதோறும் கேட்கும் கதை. பால்ஃபரைப் பற்றிச் சொன்னபோது அது என் நினைவுக்கு வரவில்லை என்றால் பொய். ஒவ்வொரு வருடமும் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "அப்ப அந்தப் பொம்பளை என்னதான் சார் செய்யணும்?" என்று கேட்கும். ஜீவனாம்சம் பற்றிப் பேச வேண்டிவரும். அது வேறு தாள், வேறு ஆசிரியர்.

நம் மாகாணத்து வழக்கையாவது ஒழுங்காகச் சொன்னேனா என்றால் அதுவும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் முடிவு செய்த சின்னையா எதிர் ராமையா. வயதான ஓர் அம்மா தன் நிலத்தை மகளுக்கு எழுதிவைக்கிறார். தன் சகோதரிக்கு மகள் ஆண்டுக்கு 653 ரூபாய் கொடுத்துவர வேண்டும் என்பது நிபந்தனை. மகளும் கொடுப்பதாக எழுதித் தருகிறாள். நிலம் கைக்கு வந்தபின் கொடுக்க மறுத்துவிடுகிறாள். நிலத்தைக் கொடுத்தது அம்மாதானே, நீ எனக்கு என்ன கொடுத்தாய் என்பது அவளுடைய வாதம். கைம்மாறு வேறொருவரிடமிருந்து வந்திருந்தாலும் போதும் என்று நீதிமன்றம் சொன்னது. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பெரியவர்களைக் கைவிட்ட கதை எந்தத் தெருவில் இல்லை? முழு வகுப்பையும் ஒரு மணி நேரம் சண்டைபோட வைத்திருக்கலாம். நான் இரண்டு வரியில் டிக்டேட் செய்து, பக்கத்தில் நட்சத்திரக் குறி போடச் சொன்னேன்.

இதற்கெல்லாம் காரணமாக நான் வெளியே சொல்லிவந்தது வேறு. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது, பன்னிரண்டாம் வகுப்பு வரை மனப்பாடம் செய்தே வந்தவர்கள், நோட்ஸ் கொடுக்காவிட்டால் பெயிலாகிவிடுவார்கள் என்பேன். ஓய்வறையில் தலையாட்ட ஆளிருந்தது. உண்மைக் காரணம் பயம். நான் கோர்ட்டில் தொழில் செய்ததில்லை. முதுகலை முடித்தேன், தேர்வு எழுதினேன், நேரே வகுப்பறைக்கு வந்தேன். ஒரு வாதவுரை எப்படித் தயாராகிறது, கட்சிக்காரர் உளறுவதில் எது வழக்குக்கு வேண்டிய சங்கதி, எது வெறும் ஆத்திரம் என்பதெல்லாம் எனக்கே பிடிபடாத விஷயம். டிக்டேஷன் நடக்கும் வகுப்பில் கேள்வி எழாது. எழுதிக்கொண்டிருக்கும் கைக்கு ஓய்வில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ள அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

இனி சொல்வதுதான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

பிரிவு 23 போய்க்கொண்டிருந்தது. எந்த நோக்கத்துக்காகச் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பதைச் சொல்லும் பிரிவு. அனுமதித்தால் வேறொரு சட்டத்தின் ஏற்பாடே பாழாகிவிடும் என்கிற மாதிரியான ஒப்பந்தமும் செல்லாது என்று அதில் ஒரு வரி உண்டு. நான் அந்த வரியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். போடிப் பக்கம் மலையடிவாரத்துக் கிராமம். அதுவரை அவள் குரலை நான் வருகைப்பதிவின்போது மட்டுமே கேட்டிருக்கிறேன்.

"சார், ஒரு சந்தேகம். அம்மாவுக்கு மலையில அடிபட்டிருச்சு. ஏலத்தோட்டத்துல காய் எடுக்கையில வழுக்கி விழுந்து இடுப்பு போயிருச்சு சார். ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னு ஒரு தொகை குடுத்துட்டு வெள்ளைத்தாள்ல கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. இனி எதுவும் கேக்க மாட்டோம்னு எழுதிக்கிருவாங்களாம். அந்தக் கையெழுத்து செல்லுமா சார்?"

ஒப்பந்தச் சட்ட வகுப்பில் ஒப்பந்தம் பற்றிய கேள்வி. அதுவும் அந்தப் பிரிவு நடக்கும்போதே. ஓர் ஆசிரியனுக்கு இதைவிட நல்ல நாள் அமையாது.

"அது லேபர் லாம்மா. மூணாம் வருஷத்துல வரும். உட்காரு" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அந்த மணி நேரத்தில் என் மனதில் எந்த உறுத்தலும் இல்லை. சமாளித்துவிட்ட நிம்மதிதான் இருந்தது.

பல ஆண்டு கழித்து உத்தமபாளையத்தில் ஒரு சட்ட உதவி முகாம். சிறப்பு விருந்தினர் வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி, ஒரு சால்வை. கூட்டத்தில் இருந்த தோட்டத் தொழிலாளி ஒருவர் இதே மாதிரி விபத்தைப் பற்றிக் கேட்டார்: கேரளாவில் வேலை செய்யும்போது அடிபட்டால் அங்கேதான் போய்க் கேஸ் போடணுமா? மைக் என் பக்கமாக வந்தது. நான் அதைப் பக்கத்தில் இருந்த இளம் வழக்கறிஞரிடம் பெருந்தன்மையோடு தள்ளினேன். அவர் புத்தகம் பார்க்காமல் சொன்னார்.

அன்று நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். பிரிவு 21: விபத்து நடந்த இடத்தில்தான் மனுப் போட வேண்டும் என்பதில்லை, தொழிலாளி வழக்கமாகக் குடியிருக்கும் இடத்துக்குரிய ஆணையரிடமும் போடலாம். 1995இல் செய்த திருத்தம் அது. பிரிவு 17: இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுத்தாலும், முதலாளியின் பொறுப்பை அது எந்த அளவுக்கு இல்லாமல் ஆக்குகிறதோ குறைக்கிறதோ அந்த அளவுக்குச் செல்லாது. பிரிவு 8: பெண் தொழிலாளிக்கு மொத்தத் தொகையாகக் கொடுப்பதென்றால் ஆணையரிடம் கட்டித்தான் கொடுக்க வேண்டும், முதலாளி நேரே கையில் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகவே கணக்கில் வராது.

மூன்று கதவு. அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு மூன்றும் திறந்திருந்தன. விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும் என்கிறது பிரிவு 10. நான் சொன்ன மூன்றாம் வருடம் வரும்போது அந்த இரண்டு ஆண்டு முடிந்திருக்கும். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையர் மன்னிக்கலாம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. அதையாவது அவளைத் தேடிப் போய்ச் சொன்னேனா? அப்போது அவள் படிப்பை முடித்துப் போயிருந்தாள். எண் கேட்டால் அவளுடன் படித்தவர்கள் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது என்ற வெட்கம் ஒரு பக்கம். அவளே மூன்றாம் வருடத்தில் படித்துத் தெரிந்துகொண்டிருப்பாளே, அன்று நான் சொன்னது எவ்வளவு பெரிய மோசம் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்குமே என்ற பயம் இன்னொரு பக்கம்.

பாடத்திட்டத்தின் மீது பழியைப் போட்டுத் தப்பிக்க வழி இருக்கிறது. தாள்கள் துண்டு துண்டாகத்தான் கிடக்கின்றன. ஒப்பந்தம் முதலாண்டில், தொழிலாளர் சட்டம் பின்னால். மனு எழுதுவது, வழக்காடுவது, சமரசம் பேசுவது ஆகிய செயல்முறைத் தாள்களை 2008ஆம் ஆண்டு பார் கவுன்சில் விதிகள் கட்டாயமாக்கின. பெரும்பாலான கல்லூரிகளில் அவை கடைசி ஆண்டுகளுக்குத் தள்ளப்படுகின்றன. குனிந்து எழுதியே நாலு வருடம் பழகிய பிள்ளையிடம் ஐந்தாம் வருடத்தில் "எழுந்து வாதாடு" என்றால் என்ன நடக்கும்? ஆனால் பாடத்திட்டம் என் வாயை அடைக்கவில்லை. "எனக்குத் தெரியாதும்மா, நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லக் கூடாது என்று எந்தப் பல்கலைக்கழகமும் விதி போடவில்லை.

முகாமுக்குப் பிறகு வகுப்பை மாற்றத் தொடங்கினேன். இதைத் திருந்திய கதையாக எழுத ஆசைதான். நடந்தது அப்படி இல்லை.

முதலில் நோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். கால் மணி நேரத்தில் பேசுவதற்கு எதுவும் இல்லாமல் நின்றேன். அமெரிக்காவில் ஹார்வர்டு சட்டப்பள்ளிக்கு 1870இல் தலைவராக வந்த லாங்டெல், விரிவுரையை நிறுத்திவிட்டுத் தீர்ப்புகளைக் கொடுத்து மாணவர்களைக் குடைந்து கேட்க ஆரம்பித்தபோது பாதிப் பேர் ஓடிவிட்டார்களாம். கடைசியில் ஒரு சிலர்தான் வகுப்பில் மிஞ்சினார்கள். லாங்டெலுக்கு ஹார்வர்டின் பெயர் துணையிருந்தது. எனக்கு இன்டர்னல் மார்க் துணையிருந்தது. அதனால் யாரும் ஓடவில்லை, உட்கார்ந்தே தூங்கினார்கள்.

நம் நாட்டிலேயே வழி காட்டியவர்கள் உண்டு. 1988இல் முதல் அணி மாணவர்களைச் சேர்த்த பெங்களூரு தேசியச் சட்டப்பள்ளியை என்.ஆர். மாதவ மேனன் கட்டியெழுப்பியபோது, சட்டம் படிப்பதும் சட்டத்தொழில் செய்து பழகுவதும் ஒன்றாகப் போக வேண்டும் என்றுதான் முயன்றார். அவரைப் பற்றி ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டுவிட்டு, "அது பெங்களூருக்குச் சரி, காலையில் காட்டுவேலை பார்த்துட்டு பஸ்ஸப் பிடிச்சு வர்ற நம்ம பசங்களுக்கு ஆகாது" என்று பக்கத்து நாற்காலியிடம் சொன்னவன் நான். காட்டுவேலை பார்த்துவிட்டு வரும் பையனுக்குத்தான் ஒப்பந்தம் என்றால் என்னவென்று ஏற்கெனவே தெரியும் என்பது பின்னாளில், ஒரு புரோநோட்டு வழியாகத்தான் எனக்கு விளங்கியது.

பெயர்களை அழித்து நகலெடுத்த பழைய புரோநோட்டு ஒன்றை வரிசைக்கு ஒன்றாகக் கொடுத்தேன். இதில் என்னென்ன இருக்கிறது, என்ன இல்லை, இதை வைத்து யார் யாரிடம் என்ன கேட்கலாம் என்று எழுதச் சொன்னேன். வகுப்பில் சந்தைச் சத்தம். வட்டி எப்படிப் போடுவார்கள், ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு தொகையை ஏன் காலியாக விடுவார்கள், திருப்பிக் கொடுத்தாலும் நோட்டை ஏன் திருப்பித் தரமாட்டார்கள் என்று எனக்கே வகுப்பெடுத்தார்கள். ஸ்டாம்ப் ஒட்டிய பூர்த்திசெய்யாத நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தை 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் பிரிவு 20 கொடுக்கிறது. "அப்ப வெறும் வெள்ளைத்தாள்ல கையெழுத்துப் போட்டா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். அந்தப் பிரிவு பேசுவது முத்திரைத் தீர்வை செலுத்திய தாளைப் பற்றி. வெள்ளைத்தாளுக்கு அந்தச் சலுகை கிடையாது. சொன்னேன். சொல்லும்போது யார் நினைவுக்கு வந்தாள் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

அடுத்தது மலை. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் பொட்டிப்புரம் மலையில்தான் நியூட்ரினோ ஆய்வகத்துக்குச் சுரங்கம் குடைவதாக இருந்தார்கள். ஊருக்குள் ஒலிபெருக்கி, கூட்டம், நடைபயணம் எல்லாம் வந்துபோயின. 2015இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வைகோ வழக்குப் போட்டார். பூவுலகின் நண்பர்கள் அமைப்பு பசுமைத் தீர்ப்பாயம் போனது. 2017 மார்ச்சில் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. இடுக்கியின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, ஆகவே திட்டத்தை மேல் வகையில் வைத்துப் பரிசீலித்திருக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான புள்ளி. மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. 2018 நவம்பரில் தீர்ப்பாயம் அதை ஏற்றுக்கொண்டாலும் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்றது. பிறகு விவகாரம் உச்ச நீதிமன்றம் போக, 2022இல் தமிழ்நாடு அரசு அங்கே எதிர்ப்பைப் பதிவு செய்தது. இவ்வளவும் நடந்த காலத்தில் நான் அந்த மலைக்குக் கீழே இருந்த வீட்டிலிருந்து கிளம்பிப் போய் நத்தையைப் பற்றி டிக்டேட் செய்துகொண்டிருந்தேன்.

தீர்ப்பாய உத்தரவின் சில பக்கங்களை எடுத்துக் கொடுத்து, பாதி வகுப்பைத் திட்டத்தின் பக்கமும் பாதியை எதிர்ப்பின் பக்கமும் நிறுத்தினேன். ஒரே விதி: இந்தப் பக்கங்களில் இல்லாத எதையும் பேசக் கூடாது. முதல் நாள் தோல்வி. மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்த பிள்ளைகள்; இரண்டு பக்கமும் முழங்கித் தள்ளினார்கள். இரண்டாம் சுற்றில்தான் ஒருத்தி எழுந்து, அஞ்சு கிலோமீட்டரை எங்கேயிருந்து எங்கே அளக்கணும், சுரங்க வாசலிலிருந்தா, உள்ளே கடைசியிலிருந்தா என்று கேட்டாள். தீர்ப்பை வாசிக்கத் தெரிந்துவிட்டது என்பதற்கு எனக்கு அது போதும்.

இதே வழியில் ஏலமலைக் காடுகள் பற்றிய வழக்கையும் கொண்டுவந்தேன். 1897இல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட அறிவிக்கையில் இருக்கும் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பது இன்றுவரை ஓயாத சண்டை. முன்னால் ஒரு 2 இருக்கிறதா இல்லையா என்பதில் எத்தனை தோட்டங்கள் காடாகும், எத்தனை காடு தோட்டமாகும்! அந்த வழக்கில்தான் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் புதிதாகப் பட்டா கொடுக்க இடைக்காலத் தடை போட்டது. ஆவணத்தை எழுத்தெழுத்தாகப் படி என்று நான் ஆயிரம் முறை சொல்வதை அந்த ஓர் எண் செய்துவிட்டது. மாணவர்களில் பலருடைய வீட்டுச் சோறு அந்த மலையிலிருந்துதான் இறங்கி வருகிறது.

போடி ஏலக்காய் ஏல மையத்துக்கு ஒரு சிறு குழுவைக் கூட்டிக்கொண்டு போனது எனக்கு மிகவும் பிடித்த பாடம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 64 ஏலம் பற்றியது. ஏலம் விடுபவர் சுத்தியலைத் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ முடிந்தது என்று அறிவிக்கும்போதுதான் விற்பனை பூர்த்தியாகிறது. அதுவரை கேட்டவர் தன் கேள்வியைத் திரும்பப் பெறலாம். நான் இதற்கு 1789ஆம் ஆண்டு ஆங்கில வழக்கைச் சொல்லிவந்தவன். போடியில் சுத்தியல் இல்லை. வியாபாரிகள் கணினி முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள், திரையில் விலை ஏறுகிறது. இங்கே "வழக்கமான வேறு முறை" எது, பொத்தானை அழுத்தியவர் பின்வாங்க முடியுமா என்று எழுதச் சொன்னேன். மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்த சாம்பிளைத் தடவிப் பார்த்து, முகர்ந்து, நிறம் பார்த்துக் கேட்கிறார்களே, மூட்டைக்குள் வேறு மாதிரி இருந்தால்? மாதிரியைக் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் அதற்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது பிரிவு 17. காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகும் அம்மாவின் மகன் ஒருவன், எட்டு எம்எம் காயில் சின்னக் காய் எப்படிக் கலக்கும், அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று நின்ற இடத்திலேயே விளக்கினான். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

இதுவரை வாசித்தவர், ஆள் தேறிவிட்டான் என்று நினைக்கலாம். அங்கேதான் அடுத்த குற்றம்.

போடியில் எடுத்த படங்களை ஆய்வுக் குழு வரும்போது காட்டக் கோப்பில் சேர்த்தேன். ஒரு கருத்தரங்கில் முதலாண்டுச் சட்டக் கல்வியை மாற்றியமைத்தது பற்றிக் கட்டுரை வாசித்துக் கைதட்டு வாங்கினேன். வகுப்பில் வாய் திறந்தவர்கள் யார் என்று மட்டும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. டவுனிலிருந்து வந்த, ஏற்கெனவே பேசத் தெரிந்த ஏழெட்டுப் பேர்தான் திரும்பத் திரும்பப் பேசினார்கள். டிக்டேஷன் காலத்தில் எல்லாருக்கும் ஒரே மௌனம் பங்கு. இப்போது அது பின்வரிசைக்கு மட்டும் ஒதுக்கப்பட்டுவிட்டது. அந்தப் பெண் இன்றைய வகுப்பில் இருந்தால் எழுந்து கேட்டிருப்பாளா என்று யோசித்தேன். பழைய வகுப்பில் இடையில் நிறுத்திக் கேட்க ஓர் இடைவெளியாவது இருந்தது. புதிய வகுப்பின் இரைச்சலில் அதுவும் கிடைத்திருக்காது.

அதைவிட மோசம், எழுத்துவேலை. வாராவாரம் ஒரு பக்கம் எழுதச் சொன்னேன்: ஒருவர் கட்சிக்காரர், ஒருவர் வக்கீல், நடந்ததைக் கேட்டு, தேதி வாரியாக, தமிழிலேயே எழுத வேண்டும். கீழ்க்கோர்ட்டில் ஓடுவது தமிழ்தான், ஆகவே தமிழில் சங்கதி எழுதத் தெரியாத வக்கீல் அரை வக்கீல் என்று வீரமாகச் சொன்னேன். எழுதினார்கள். கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள். முதல் சில வாரம் ஒவ்வொன்றையும் திருத்தினேன். பிறகு டிக் போட்டேன். பிறகு டிக் கூடப் போடாமல் பீரோவில் வைத்தேன். அறுபது தாள், வாரந்தோறும், ஒரு ஆள். யாராலும் முடியாது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். முடியாததை ஏன் அவர்கள் தலையில் கட்டினாய் என்ற கேள்விக்குச் சமாதானம் இல்லை. எழுதுவது திறமை ஆவது யாராவது வாசித்து, இந்த இடத்தில் தேதி இல்லை, இது நீ பார்த்ததா கேள்விப்பட்டதா, இந்த வாக்கியத்தில் யார் யாரை அடித்தார் என்றே தெரியவில்லை என்று திருப்பிக் கொடுக்கும்போதுதான். ஒரு பையன் இரண்டு வாரம் ஒரே தாளைக் கொடுத்திருக்கிறான். நான் கண்டுபிடிக்கவில்லை. அவனே பருவம் முடிந்ததும் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்து, சுற்றிவந்து என் காதுக்கு எட்டியது.

இப்போது தாளைக் குறைத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வகுப்பில் கால்வாசிப் பேர் எழுதினால் போதும். நான் வாசித்துக் கொடுத்த பிறகுதான் அடுத்த அணி. மீதிப் பேர் ஒருவர் தாளை ஒருவர் வாசித்து மூன்று கேள்வி எழுத வேண்டும். பேசும் வரிசையைப் பின்வரிசையிலிருந்து தொடங்குகிறேன். பல்கலைக்கழகத் தேர்வு என்னவோ பழைய மாதிரியேதான் இருக்கிறது. "இது பரீட்சைக்கு வருமா சார்?" என்று கேட்காத வாரம் இல்லை. தேர்வு நெருங்கும் மாதத்தில் நானும் பழைய நோட்டை எடுக்கிறேன். கை நடுங்காமல் எடுக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முகாமில் கேட்ட அந்த மூன்று பிரிவுகளையும் இப்போது முதலாண்டிலேயே, பிரிவு 23 நடக்கும் வாரத்தில் நடத்திவிடுகிறேன். இவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொண்டது என்பதால் கொஞ்சம் நாடகத்தோடே நடத்துவேன்: 8, 17, 21 என்று பலகையில் பெரிதாக எழுதி வட்டம் போடுவேன். இந்த முறை வட்டத்தை முடிக்கும் முன்பே முன்வரிசையில் ஒரு மாணவி கைதூக்கினாள்.

"சார், நீங்க சொல்ற ஆக்டே இப்ப இல்லயே. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்துருச்சு சார். 2025 நவம்பர் 21லேர்ந்து."

செய்தித்தாளில் நானும் பார்த்திருந்தேன். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த அன்று தலைப்பைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். 1923ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குள் போய்விட்டது என்பதை என் வட்டத்தோடு பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை. முகம் சூடானது. "அது மூன்றாம் வருடத்தில் வரும்" என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. புதிய தொகுப்பில் அந்த மூன்றும் எந்தெந்தப் பிரிவில், எந்த வாசகத்தில் இருக்கின்றன, எதுவாவது மாறியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது என்றேன். பழைய பிரிவை ஒரு பக்கமும் புதியதை எதிர்ப்பக்கமும் எழுதிவருவது அடுத்த அணியின் வேலையானது. தாள்கள் வந்துவிட்டன. இரண்டு அணிகள் ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் எழுதியிருக்கிறார்கள். நான் இன்னும் பாதியைத்தான் வாசித்திருக்கிறேன்.